விதைத் தானியம் விற்பனைக்கு அல்ல!

 

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற சாலையில், ஐப்பசி மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மழை வந்தால்தான் விதைப்பு. வராவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருப்பு. கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, பருத்தி எல்லாமே பெரும்பாலும் வானத்தை நம்பிய மானாவாரி வெள்ளாமை. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்துச் சம்சாரி ஆட்டை விற்றிருக்கிறார். மாட்டை விற்றிருக்கிறார். வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறார். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வயிற்றைக் கழுவியிருக்கிறார். ஆனால் குலுக்கையில் போட்டு வைத்த விதைத் தானியத்தில் மட்டும் அவர் கை வைக்கமாட்டார். இன்றைய பசிக்கு அதைத் தின்றுவிட்டால், நாளை மழை பெய்தாலும் தனக்குப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அரசியல் கட்சிக்கும் அப்படி ஒரு விதைத் தானியம் உண்டு. எந்த நெருக்கடியிலும் விற்கக் கூடாத ஒன்று. அதை விற்காமல் வைத்திருக்கிற கட்சியை மக்கள் ஒருநாள் தேடி வருவார்கள். விற்றுத் தின்ற கட்சிக்கு, காலம் கனிந்து வந்தாலும் விதைக்க ஒன்றும் இருக்காது. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன் இளைஞர்களில் சிலர் சிரிப்பார்கள். "கொள்கையாவது, மண்ணாவது! பெரிய கட்சி கொடுக்கிற சீட்டை வாங்கிக்கொண்டு நாலு பேர் சட்டமன்றத்துக்குப் போகிற வழியைப் பாருங்கள்" என்பார்கள். வணிகர்களில் சிலர், "நாலு சனம் வந்து போகிற கடை. நமக்கு எதற்கு வம்பு? யார் ஆள்கிறார்களோ அவர்களோடு அனுசரித்துப் போவோம்" என்பார்கள்.

வணிகச் சகோதரரே! உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்தவரிடம் ஒரு விலை, மாலையில் வந்தவரிடம் ஒரு விலை, அடித்துப் பேசினால் இன்னொரு விலை என்று விற்கிற கடையில் கூட்டம் நிற்கலாம். ஆனால் யாரும் குழந்தையை அனுப்பிச் சாமான் வாங்க மாட்டார்கள். "அந்தக் கடையில் ஒரே விலை, நிறுவையில் குறையாது" என்று பெயரெடுத்த கடைக்குத்தான் பச்சைப் பிள்ளையும் துண்டுச் சீட்டோடு போகும். அந்தப் பெயரை ஒரே நாளில் வாங்கினீர்களா? எத்தனை நாள் வியாபாரத்தை இழந்து வாங்கினீர்கள்! வாக்காளரும் வாடிக்கையாளரைப் போலத்தான். அவர் ஏமாந்தது போல் இருப்பார், கணக்கை மறக்கமாட்டார்.

பக்கத்து ஊர் தந்த பாடம்

நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். அருப்புக்கோட்டைக்கு அடுத்த ஊர் விருதுநகர். 1967 தேர்தலில் அங்கே காமராசர் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் அது. பள்ளிக்கூடங்களைத் திறந்தவர், மதிய உணவு தந்தவர், இரண்டு பிரதமர்கள் பதவிக்கு வருவதில் முக்கியப் பங்கு வகித்தவர். அவரை எதிர்த்து நின்றவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராசர் தோற்றார்.

அந்தத் தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணம். எதிர்க்கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் ஒரு மாணவரை அந்த மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டம். இந்தி மட்டுமே ஆட்சி மொழி என்பதை ஏற்கமாட்டோம் என்ற ஒரே பேச்சில் தமிழகத்து மாணவர்கள் நின்றார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள், உயிரையும் தந்தார்கள். அந்த உறுதியின் பலன் தி.மு.க.வுக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1957-இல் தி.மு.க. வென்ற சட்டமன்ற இடங்கள் 15. 1962-இல் 50. அந்த 1962-இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு, நாட்டுப் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, திராவிட நாடு கோரிக்கையை அவர் கைவிட்டார். ஆனால் மொழியில் விட்டுக்கொடுக்கவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பிரித்து அறிந்திருந்தார். எல்லாவற்றிலும் முரண்டு பிடிப்பது உறுதியல்ல. கலப்பையை விற்கலாம், வண்டியை விற்கலாம், விதையை விற்கக் கூடாது என்று தெரிந்திருப்பதே உறுதி.

அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. திருத்திக்கொண்ட தவறு

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977-இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சரானபோது அவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர்? நம் அருப்புக்கோட்டையின் உறுப்பினர்தான்! 1979-இல் அவருடைய அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். சிவகாசி ஒன்று, கோபிசெட்டிபாளையம் மற்றொன்று.

அவர் என்ன செய்தார்? "நான் போட்ட ஆணை, மாற்ற மாட்டேன்" என்று நின்றாரா? இல்லை. வருமான வரம்பை நீக்கினார். 31 சதவீதமாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் மக்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். கலைப்பினால் எழுந்த அனுதாபமும் அதில் சேர்ந்தது உண்மைதான். ஆனாலும் தவறைத் திருத்தியிராவிட்டால் அந்த அனுதாபம் முழுதாக வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சகோதரர்களே, தவறை ஒப்புக்கொண்டு திருத்துவது தளர்ச்சி அல்ல. ஏழை எளியவரின் பக்கம் நிற்பது என்பதுதான் அந்தக் கட்சியின் விதைத் தானியம். 9,000 ரூபாய் ஆணை அந்த விதையில் விழுந்த வண்டு. வண்டைப் பொறுக்கி எறிந்தார், விதை பிழைத்தது. அடம் வேறு, உறுதி வேறு.

தோல் வணிகர் ஒருவரின் துணிவு

இனி நம் சமுதாயத்தின் வரலாற்றுக்கு வருவோம். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896-இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போனவர். பிறகு சென்னையில் தோல் வணிகம் செய்தவர். வணிகர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசியல் நமக்கு எதற்கு என்று அவர் கடைக்குள் உட்கார்ந்துவிடவில்லை.

நாடு பிரிந்த பிறகு என்ன நிலைமை? தலைவர்களில் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். இருந்தவர்களிலும் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்றார்கள். 1947 கடைசியில் கல்கத்தாவிலும் லக்னோவிலும் கூடிய மாநாடுகளில் அந்தக் கருத்தே ஓங்கி ஒலித்தது. அவர்கள் சமுதாயத்தின் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அந்த நாளின் அச்சம் அப்படிப்பட்டது. அந்த அச்சத்தின் நடுவேதான் 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இஸ்மாயில் சாஹிபின் தலைமையில் கூடியவர்கள், கட்சியைக் கலைப்பதில்லை, இந்திய அரசியல் சட்டத்துக்கு உட்பட்டுத் தொடர்ந்து நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த முடிவுக்கு உடனே வெற்றி கிடைத்ததா? கிடைக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில், தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு 1948 நவம்பரில் அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற வாதம் 1949 மே மாதத்தில் தோற்றது. தோற்ற பிறகு அவர் சபையைப் பழிக்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் பொதுத் தொகுதியிலேயே நின்று காட்டுகிறேன் என்று மக்களிடம் போனார்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1960 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசோடும் பிரஜா சோசலிஸ்ட் கட்சியோடும் சேர்ந்து நின்ற முஸ்லிம் லீக் 11 இடங்களை வென்றது. ஓட்டு வாங்கும்போது இனித்த உறவு, மந்திரிசபை அமைக்கும்போது கசந்தது. லீகுக்கு மந்திரி பதவி கிடையாது, சபாநாயகர் பதவி வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். சீதி சாஹிப் சபாநாயகரானார். 1961-இல் அவர் காலமானார். அடுத்து வந்த இளைஞர் சி.எச்.முஹம்மது கோயாவிடம், லீக் உறுப்பினர் பதவியை விட்டால்தான் அந்த நாற்காலி என்றார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் கோயா அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். லீக் கூட்டணியிலிருந்து விலகியது. 1962 நாடாளுமன்றத் தேர்தலில் பெரிய கட்சி எதன் துணையும் இல்லாமல் நின்றது. "இதோடு ஒழிந்தார்கள்" என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். முடிவு என்ன? மஞ்சேரியில் இஸ்மாயில் சாஹிப் வென்றார். கோழிக்கோட்டில் கோயா வென்றார். சென்னையில் குடியிருந்த தமிழரை மலபார் மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தங்கள் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

இடையில் அடியும் விழுந்தது. 1965 சட்டமன்றத் தேர்தலில் லீக் வென்றது 6 இடங்கள்தான். 11-லிருந்து 6! அன்று பொறுமை இழந்து, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போயிருக்கலாம். இரண்டே ஆண்டுகளில், 1967-இல், 14 இடங்களோடு வந்தார்கள். மந்திரி பதவி கிடையாது என்று மறுக்கப்பட்டவர்கள் மந்திரி சபையில் இரண்டு இடம் பெற்றார்கள். 1969 ஜூன் 16 அன்று மலப்புரம் மாவட்டம் உருவானது. உறுதிக்கு விலை உண்டு. முதலில் நாம் கொடுக்கவேண்டும். பிறகுதான் மக்கள் திருப்பித் தருவார்கள்.

இரவல் சின்னமும் சொந்தச் சின்னமும்

"அதெல்லாம் மலபார். அங்கே நம் ஆட்கள் நிறைய. இங்கே நாம் எத்தனை பேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீரசோழன் போன்ற சில ஊர்களை விட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நாம் ஊருக்கு நாலு வீடு, கடைவீதிக்கு நாலு கடை. மற்றவர்களின் ஓட்டு இல்லாமல் ஒரு வார்டையும் நம்மால் வெல்ல முடியாது. உறுதியாக நின்றால் மற்றவர்களின் ஓட்டு வருமா, போகுமா என்பதுதான் நம் கேள்வி.

அதற்கு விடை திருச்சுழியிலேயே இருக்கிறது. திருச்சுழி சட்டமன்றத் தொகுதி இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. தி.மு.க. கூட்டணியில் முஸ்லிம் லீக், 2004-இலும் 2009-இலும் வேலூரில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றது. வென்றவர்கள் நம்மவர்கள். ஆனால் நாடாளுமன்ற ஏட்டில் அவர்கள் தி.மு.க. உறுப்பினர்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, யாருடைய சின்னத்தில் வென்றாரோ அவர்களின் கொறடா சொல்கிறபடிதான் வாக்களிக்கவேண்டும். இரவல் வாங்கிய ஏரில் உழலாம். வெள்ளாமை யாருடையது என்பதில்தான் சிக்கல்.

2014-இல் வேலூரில் லீக் சொந்தச் சின்னமான ஏணியில் நின்றது. தோற்றது. "பார்த்தீர்களா, கிராமத்துச் சனத்துக்கு ஏணி தெரியாது" என்றார்கள். 2019-இல் இராமநாதபுரத்தில் மறுபடியும் ஏணியில் நின்றார்கள். பா.ஜ.க. வேட்பாளரை லீகின் நவாஸ்கனி 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். 2024-இல் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் எதிர்த்து நின்றார். வித்தியாசம் 1 லட்சத்து 66 ஆயிரத்தைத் தாண்டியது.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இது லீக் தனியாக வென்ற வெற்றி அல்ல. கூட்டணியின் பலம் பெரியது. திருச்சுழி 2011, 2016, 2021 மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தி.மு.க. வென்ற தொகுதி. ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது. இந்தக் காட்டு வெயிலில் வரிசையில் நின்ற சம்சாரி, மில் தொழிலாளி, நெசவாளி, நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார் ஏணியைத் தேடி ஓட்டுப் போட்டார்கள். கிராமத்துச் சனத்துக்குச் சின்னம் தெரியாது என்ற பேச்சு பொய்யாகிவிட்டது.

எதிர்வாதத்தையும் மறைக்க வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏணியில் நின்ற மூன்று லீக் வேட்பாளர்களும் தோற்றார்கள். உதயசூரியனில் நின்ற மனிதநேய மக்கள் கட்சியினர் பாபநாசத்திலும் மணப்பாறையிலும் வென்றார்கள். சட்டமன்றத்தில் நம் குரல் ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு தேர்தலை மட்டும் பார்த்தால் இரவல் சின்னமே லாபம். நான் கேட்பது, ஐந்து தேர்தலுக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பதே.

இதற்கு விடுதலைச் சிறுத்தைகள் கட்சியைப் பாருங்கள். 2019-இல் அவர்களுக்கு இரண்டு எம்.பி.க்கள். திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார். வெறும் 3,219 வாக்கு வித்தியாசத்தில், மூச்சு முட்ட வென்றார். விழுப்புரத்தில் வென்றவர் உதயசூரியனில் நின்றார். இருவர் வென்றும் கட்சிக் கணக்கில் ஏறியது ஒருவர்தான். 2021-இல் ஆறு இடங்களிலும் பானையில் நின்று நான்கில் வென்றார்கள். அவற்றில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள். நாகப்பட்டினத்தில் பானையில் வென்றவர் ஆளூர் ஷாநவாஸ், நம் சமுதாயத்து இளைஞர். 2024-இல் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் பானையில் நின்று வென்றார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் இரண்டு எம்.பி.க்கள் இருந்தால் மாநிலக் கட்சி என்பது தேர்தல் ஆணையத்தின் விதிகளில் ஒன்று. அங்கீகாரம் கிடைத்தது. பானை அவர்களுக்கே சொந்தமானது.

3,219 வாக்கில் உயிர் தப்பிய அன்று, "அடுத்த தடவை சூரியனில் நின்றுவிடுவோம்" என்று முடிவெடுத்திருந்தால், பானை இன்றைக்கும் யாரோ ஒரு சுயேச்சையின் கையில் இருந்திருக்கும்.

உறுதி வேறு, உறுமல் வேறு

இளைஞர்களே! உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உறுதி என்றவுடன் உரத்த முழக்கம், பெரிய சுவரொட்டி, எதிரியைக் கொச்சையாகத் திட்டும் மேடைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அது உறுமல். உறுமலைக் கேட்டால் சனம் கதவைச் சாத்திக்கொள்ளும், ஓட்டுப் போடாது.

நம் வட்டாரத்துக்கு உறுதி புதியதல்ல. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலும், உடல் நலிந்திருந்த 1962-லும் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் ஆளுங்கட்சியை எதிர்த்து நின்று வென்றவர் பார்வர்டு பிளாக்கின் முத்துராமலிங்கத் தேவர். அதே காலத்தில், 1957 செப்டம்பரில், பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர் ஊராகக் குடிசைகள் எரிந்ததும் நம் மண் மறக்க முடியாதவை. யார் மீது பழி என்பது இங்கே என் பேச்சு அல்ல. பக்கத்துத் தெருக்காரன் நிம்மதியாகத் தூங்க முடியாதபடி நிற்பது உறுதி ஆகாது. சிறுபான்மையாகிய நாம் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிவோம்.

அப்படியானால் எதில் நிற்பது? நம் உரிமையில் நிற்கவேண்டும். அதே அழுத்தத்தோடு பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையிலும் நிற்கவேண்டும். 1974 ஜூலையில் கச்சத்தீவு ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் இராமநாதபுரம் உறுப்பினர், பார்வர்டு பிளாக்கின் மூக்கையாத் தேவர். மற்றவர் முஸ்லிம் லீகின் பெரியகுளம் உறுப்பினர் எஸ்.எம்.முஹம்மது ஷெரீப். கச்சத்தீவில் தனி முஸ்லிம் பிரச்சினை என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அது இராமநாதபுரத்து மீனவரின் பிரச்சினை. ஆகவே நம் பிரச்சினை.

நம் உரிமைக்கு ஒரு சான்று வேண்டுமா? 2007-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. அது ஒரே நாளில் வந்ததா? ஆண்டுக்கணக்கில் பல அமைப்புகள் மாநாடு போட்டன, மனுக் கொடுத்தன, ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியிடமும் இதே கேள்வியைக் கேட்டன. கோரிக்கை ஆண்டுக்கு ஒன்றாக மாறியிருந்தால் யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். இன்று அந்த ஒதுக்கீட்டில் மருத்துவமும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழைய மாநாடுகள் நினைவிருக்காது. இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பலன் அவர்களிடம் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

படித்துவிட்டு மூடி வைப்பதற்காக இதை எழுதவில்லை. நாலு காரியங்களைச் சொல்கிறேன். செய்து பாருங்கள்.

முதலாவது, கட்சியோ அமைப்போ எதுவாக இருந்தாலும், எதை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஒரே தாளில் எழுதி ஊரறியச் சொல்லுங்கள். மூன்று விஷயங்களுக்கு மேல் வேண்டாம். தொகுதி எண்ணிக்கை, மேடையில் நாற்காலி, சுவரொட்டியில் யார் படம் பெரிது என்பதெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. அவற்றில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். அங்கே சண்டை போட்டுவிட்டு, முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் நம்மிடம் உள்ள நோய்.

இரண்டாவது, தேர்தல் இல்லாத நாளில் நில்லுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு தடவை கூடவேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து ஊர்களில் இருக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கண்மாய் மடை உடைந்து கிடக்கிறது, வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது, பயிர்க் காப்பீட்டுப் பணம் வரவில்லை என்று சம்சாரி எழுந்து கேட்கும்போது, "ஆமாம், அவர் கேட்பது நியாயம்" என்று எழுந்து நிற்கிற இன்னொரு ஆளாக நீ இரு. அடுத்த கூட்டத்திலும் அதையே கேள். அதற்கடுத்த கூட்டத்திலும் கேள். "அந்தப் பாய் வீட்டுப் பையன் சொன்னால் சொன்னதுதான்" என்று ஊர் சொல்லும் நாளில், ஓட்டுக்கு நீ யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

மூன்றாவது, வணிகர்களே, இது உங்களுக்கு. பணம் ஒரே கையிலிருந்து வந்தால் கட்சியின் கழுத்தும் அந்தக் கையில் இருக்கும். தேர்தல் செலவைப் பெரிய கட்சி கொடுக்கிறது என்றால், பேச்சும் அதுவாகத்தான் இருக்கும். ஒருவர் ஒரு லட்சம் தருவதைவிட ஆயிரம் பேர் நூறு ரூபாய் தருவது மேல். ரசீது கேளுங்கள். ஆண்டுக் கணக்குக் கேளுங்கள். ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் கட்சி ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் கோடிகள் கைமாறிய தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது. சில்லறை வணிகத்தில் நூறு பேர் தரும் பத்து ரூபாய்தான் கடையைக் காக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காவது, 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் படிவம் 6 கொடுங்கள். முன்போல ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள்தான். பட்டியலில் பெயரில்லாதவனின் உறுதி காற்றில் எழுதிய கணக்கு.

தோற்ற மறுநாள்

கடைசியாக ஒன்று. ஒரு கட்சி உறுதியானதா இல்லையா என்பது வெற்றி ஊர்வலத்தில் தெரியாது. தோற்ற மறுநாள் காலையில்தான் தெரியும். கொடிக் கம்பத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்களா, அல்லது அதே தேநீர்க் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, அந்தக் கண்மாய் விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்களா? சம்சாரி அதைத்தான் கவனிக்கிறார். அந்த மறுநாளில் வருகிறவனை அவர் மனதில் குறித்து வைக்கிறார். அடுத்த தேர்தலுக்கு ஐந்து ஆண்டு இருக்கலாம். அவருக்கு ஞாபகம் இருக்கும்.

மழை எந்த ஆண்டு வரும் என்று கரிசல் காட்டுச் சம்சாரிக்குத் தெரியாது. ஆனாலும் விதையைக் காத்து வைக்கிறார். காலம் எப்போது கனியும் என்று நமக்கும் தெரியாது. 1948-இல் ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்களுக்கும் தெரியாது. காத்து வைத்தார்கள். அதனால்தான் நம் கையில் இன்று விதைக்க ஏதோ இருக்கிறது.

அதை விற்றுத் தின்றுவிடாதீர்கள், சகோதரர்களே!